ஆறு நாள் புகை

இருமல் வந்தால் அவர் இருமமாட்டார். பேசிக்கொண்டிருக்கிற பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, எதிரே தூரத்தில் எதையோ பார்த்தபடி நிற்பார். கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணில் நீர் கட்டும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அப்படி நின்றுவிட்டு, மூச்சை மெல்ல வெளியே விட்டு, நிறுத்திய சொல்லிலிருந்தே தொடங்குவார். "நெல்லு" என்று நிறுத்தியிருந்தால், "நெல்லு விதைச்சு முடிஞ்சுது ரீச்சர்" என்று முடிப்பார். தெரியாதவர்கள், யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலும், இவர் மரியாதைக்கு நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நானும் முதல் நாள் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு மாடுதான் நின்றது.

முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று என்ற ஊருக்கு நான் இங்கிலிஷ் படிப்பிக்க வந்தது ஐம்பதுகளின் நடுவில். வயது இருபத்தெட்டு, கலியாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். பருத்தித்துறைப் பெண்ணுக்கு இந்தக் காடும் குளமும் என்னத்துக்கு என்று வீட்டில் அழுதார்கள். அழுதாலும் சம்பளம் அங்கேதான் இருந்தது. வந்த ஆறு மாதத்துக்குள் ஊரில் இங்கிலிஷில் வரும் கடிதம் எல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தது. வாசித்துச் சொல்லுவேன், பதில் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமை என்று நாகரிகமாகச் சொல்கிறேன், அது கொழுப்பு.

ஊரில் அவரை ஆமிக்காரர் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். பேரப்பிள்ளைகள் கலியாண வயதில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்து, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரனுடைய ஆமியில் சேர்ந்து, மிசிர் என்கிற எகிப்து நாட்டுக்குப் போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற பிரிவில் நான்கு வருடம் இருந்தவர். திரும்பி வந்த பிறகு குளத்தடிக் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயற்காணி கிடைத்தது. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பூமணிக்கு அப்போது இருபது வயது. இளையவள் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தாள்.

மிசிரில் ஒரு எண்ணெய்க் குதம், பெரிய கிடங்கு, தீப்பிடித்திருக்கிறது. எரிகிற குதத்துக்கு அருகிலிருந்து எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டி அப்புறப்படுத்தும் வேலை இவர்களுக்கு. கரும்புகைக்குள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதோடு பிடித்தது அவருக்கு முட்டு. வயல் வரம்பில் ஏறினால் மூச்சு இழுக்கும், படுத்தால் இழுக்கும், மழை இருட்டினால் இழுக்கும். சேவையில் வந்த வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, ஆமியில் இருந்தவர்களுக்குப் பென்சன் உண்டு என்று யாரோ சொல்ல, எனக்கு முன்னிருந்த வாத்தியாரைக் கொண்டு கொழும்புக் கந்தோருக்கு எழுதிப் போட்டிருந்தார். அதற்கு வந்த பதிலோடுதான் என் பாவம் தொடங்குகிறது.

அதைச் சொல்லுமுன் அவருடைய குணத்தைச் சொல்லவேண்டும். ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்வதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. உண்மை பேசுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். இவர் அந்த வகை இல்லை. இவருக்கு உண்மையின் அளவும் சரியாக இருக்கவேண்டும். குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுகிற வட்டவிதானையார் ஒருமுறை விசாரணை வைத்தார். ஆமிக்காரருடைய மனைவியின் தம்பி, தன் முறை வருமுன் மதகின் பலகை இரண்டைக் கிளப்பித் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டான் என்று முறைப்பாடு. கண்ட சாட்சி யாரும் இல்லை. பேச்சுக்கு இவரையும் கேட்டார்கள்.

"நான் கண்டனான்" என்றாராம். "ஆனால் ரெண்டு பலகை எண்டு சொல்லுறது பிழை. ஒண்டுதான்."

ஒரு பலகைக்கும் குற்றம் குற்றந்தான். மைத்துனன் மூன்று வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு பலகையைக் குறைத்துத்தானே சொன்னேன், அதற்கும் கோபமா என்று இவர் என்னிடமே கேட்டார். கிண்டலாக அல்ல, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

கொழும்பிலிருந்து பதில் வந்த நாள் ஒரு சனிக்கிழமை. தபாற்கந்தோர் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வீட்டுக்குப் போய் வாசிப்போமா என்று கேட்டார். அதில் என்ன ஒளிப்பு மறைப்பு என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்று, நாலு பேர் கேட்க, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இந்தச் சுவாச வருத்தம் சேவையால் வந்ததாகக் கொள்ளமுடியாது. பரம்பரையாக உடம்பில் இருந்த குறையாகவே கொள்ளவேண்டியிருக்கிறது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. என் மொழிபெயர்ப்பு திறமாகத்தான் இருந்தது. பரம்பரை என்ற சொல்லைத் தேடிக்கூட நிற்கவில்லை, நாக்கில் தயாராக வந்தது.

அவர் நிமிர்ந்து நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டின. இருமலை அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

பூமணிக்குக் குமுளமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தி, நாள் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, இப்போதைக்குக் கொஞ்சம் பொறுப்போம் என்று சொல்லிப் போனான். பொறுப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பரம்பரை முட்டு என்று கவுண்மேந்துக் கடுதாசியே சொல்லுதாம் என்று குமுளமுனைக் கிணற்றடியில் கதைத்தார்களாம். தகப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கு வரும், பெண்ணுக்கு வந்தால் பிள்ளைக்கு வரும். தீப்பிடித்த குதத்தைப் பற்றி யாருக்கு என்ன.

செய்தி எனக்கு வந்தபோது நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அடுத்த நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவர் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"மேலை முறையிடலாமெண்டு கடைசி வரியிலை கிடக்கெண்டு சொன்னீங்களெல்லோ. எழுதுங்கோ ரீச்சர். காசைத் தந்தாலென்ன, விட்டாலென்ன. பரம்பரை எண்டதை வெட்டச் சொல்லி எழுதுங்கோ. என்ரை அப்புவும் அவற்றை அப்புவும் கடைசி மட்டும் தோட்டம் கொத்தின ஆக்கள். இது புகையாலை வந்தது. அதை மட்டும் அவை ஒரு வரி எழுதித் தந்தால் போதும்."

அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடம் எழுதினோம். மூன்று முறையீடு. எழுதும்போது எங்களுக்குள் சண்டை வராத நாள் இல்லை. இரவும் பகலும் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறார் என்று நான் எழுதினால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெட்டச் சொல்வார். இரவில் மூன்று தரம், பகலில் வரம்பு ஏறினால் மட்டும். ஒரு வாரம் புகைக்குள் நின்றார் என்று எழுதினேன். அதையும் வெட்டச் சொன்னார்.

"ஆறு நாள். ஏழாம் நாள் விடிய என்னைத் தூக்கி லொறியிலை போட்டிட்டினம்."

"ஒரு நாளிலை என்ன அண்ணை, கொழும்பிலை இருக்கிறவன் எண்ணிப் பாக்கப் போறானோ?"

"அவன் எண்ணமாட்டான். நான் எண்ணினனான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இதுதான் அவருடைய வாய்ப்பாடு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வெட்டி வெட்டி எழுதிய தாளைப் பார்த்தால் எங்கள் முறையீடு ஒரு நோயாளியின் அழுகையாக இருக்காது, ஏதோ சாமான் பட்டியல் மாதிரி இருக்கும். இதைப் பார்த்து யாருக்கு மனம் இரங்கும் என்று திட்டுவேன். இரங்க வேண்டாம், ஒத்துக்கொண்டால் போதும் என்பார்.

இரண்டாவது முறையீட்டுக்குப் பதிலாக, தீயை நேரில் கண்ட சாட்சி யாராவது உண்டா என்று கந்தோர் கேட்டது. அவரோடு மிசிரில் இருந்த ஒருவர் கொக்கிளாயில் இருந்தார். கிறிஸ்தவ வேதக்காரர், கடற்களப்பில் வலை போடுகிறவர். மூவருமாகப் போனோம், நானும் அவரும் அக்காவும். அதற்குள் அக்கா என்னோடு பேசத் தொடங்கியிருந்தார். மன்னித்தார் என்று சொல்லமாட்டேன், வேறு எழுத ஆள் இல்லை. கொக்கிளாய்க்காரர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தார். ஒரு காது அவருக்குக் கேளாது. சாட்சிக் கடிதம் என்றதும், பத்து நாள் என்று போடுவோமா, பன்னிரண்டு என்று போடுவோமா, எத்தனை வேண்டும் மச்சான் என்று தாராளமாகக் கேட்டார். ஆறு நாள் என்றார் இவர். கொக்கிளாய்க்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆமியிலையும் இவன் இப்பிடித்தான் ரீச்சர். சாப்பாடு குறைஞ்சால் முறையிடமாட்டான். கூடினால் போய் முறையிடுவான்."

அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். சிரிப்பு இருமலாக மாற, எழுந்து களப்பைப் பார்த்தபடி விறைத்து நின்றார்.

மூன்றாவது முறையீட்டுக்குச் சித்திரையில் பதில் வந்தது. இந்தமுறை தபாற்கந்தோரில் வாசிக்கவில்லை, மடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கொழும்பிலிருந்து இரண்டு டொக்டர்மார் வவுனியா வாடிவீட்டுக்கு, அரசாங்க விடுதிக்கு, வருகிறார்கள், ஆனி மாதம் இன்ன திகதி நேரில் வந்து நெஞ்சைச் சோதித்துக்கொள்ளவேண்டும், அவர்கள் எழுதுவதே முடிந்த முடிவு. நான் வாசித்து முடிக்க, அக்கா வற்றாப்பளைக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகுதான் சொன்னார். அவர்களாகக் கூப்பிட்டால் வைகாசிப் பொங்கலுக்கு இவர் கண்ணகி அம்மனுக்குக் காவடி எடுப்பார் என்று நேர்த்தி வைத்திருந்தாராம்.

இவர் காவடி எடுப்பதா. ஐந்நூறு யார் தூரம் நடந்தால் இருந்து இளைப்பாற வேண்டும் என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். நேர்த்தியைப் பணம் கட்டித் தீர்க்கலாம், பாற்செம்பு எடுக்கலாம், பிள்ளைகள் எடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். காவடி என்று வைத்தால் காவடி, இவர் என்று வைத்தால் இவர். அம்மனோடு பேரம் பேச இரண்டுபேரும் தயாராக இல்லை.

பிள்ளையார் கோயிலடியிலிருந்து வற்றாப்பளை மூன்று கட்டை. கட்டை என்றால் மைல். பொங்கல் நாள் பின்னேரம் சனம் திரண்டுபோகிற தெருவில், மஞ்சள் வேட்டியோடு, தோளில் காவடியோடு அவர் நடந்தார். பறைமேளம் முன்னால் போக, நானும் அக்காவும் பின்னால் போனோம். காவடிக்காரர் ஆடிக்கொண்டு போவார்கள். இவர் ஆடவில்லை. ஐந்நூறு யார், அறுநூறு யார் நடப்பார், பிறகு பாலை மரமோ வேலியோ பார்த்து நின்றுவிடுவார். உதடு நீலம் பாரிக்கும். அக்கா விபூதியை எடுத்து அவர் நெஞ்சில் தடவியபடி அழுவார். போய்ச் சேரும்போது பொழுது பட்டுவிட்டது. கோயில் வீதியில் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு அவர் எனக்குச் சொன்ன முதற் பேச்சு, "ஒன்பது தரம் நிண்டனான் ரீச்சர்" என்பதுதான். நானும் எண்ணியிருந்தேன். ஒன்பது தரம்.

ஆனியில் வவுனியாவுக்குக் காலை பஸ்ஸில் போனோம். மொழிபெயர்க்க நான். மாங்குளத்தில் பஸ் தேநீருக்கு நின்றபோது அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் முட்டுக்குக் கொடுக்கிற குளிசை. ஒன்று போடவேண்டியதை அவர் நாலு போட்டு விழுங்கினார். வழியில் இருமல் வராமல் இருக்கட்டும் என்று போடுகிறார் என நினைத்தேன். தேநீரை ஊதிக்கொண்டே ஒன்று கேட்டார்.

"ரீச்சர், வருத்தம் இல்லையெண்டு அவை கண்டால், அதையும் கடுதாசியிலை எழுதுவினமோ?"

எழுதத்தானே வேண்டும் என்றேன்.

"முத்திரையோடையோ?"

"முத்திரையோடை, உங்கடை பேரும் போட்டுத்தான் எழுதுவினம். அப்பிடி எழுதினால் எங்கடை ரெண்டு வருசத்து எழுத்தும் வாய்க்காலிலை" என்று சிரித்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். அந்தக் கேள்வியை நான் அதற்குமேல் நினைக்கவில்லை. படித்த முட்டாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

வாடிவீட்டின் முன் அறையில் மேசை போட்டிருந்தார்கள். மூத்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. இளையவர் தமிழர், ஆனால் எங்களோடு தமிழில் பேசவில்லை. அக்காவை வெளியே இருக்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் உள்ளே வந்த விதமே வேறாக இருந்தது. வெள்ளைச் சேட்டு, ஒட்ட வெட்டிய தலைமயிர், நெஞ்சு முன்னால், தாடை மேலே. மிசிருக்குப் போன இளைஞன் அந்த அறைக்குள் வந்து நின்றான். மூத்தவர் குழாயை வைத்து முன்னும் பின்னும் நெஞ்சைக் கேட்டார். குளிசை தன் வேலையைச் செய்திருக்கவேண்டும், இழுப்புச் சத்தம் வெளியே கேட்கவில்லை. வாடிவீட்டுப் படியில் பத்துத் தரம் ஏறி இறங்கச் சொன்னார். ஏறி இறங்கினார். வந்து நின்று, கை தொடையோடு ஒட்டி, சுவரைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த நிற்பு என்ன நிற்பு என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அடங்கி முடியும்வரை நிற்கட்டும், முடிந்ததும் ஒரு இருமலாவது வெளியே வரட்டும் என்று நான் பிள்ளையாரை மன்றாடினேன். வரவில்லை.

சமீபத்தில் பாரமான வேலை ஏதாவது செய்தாரா என்று டொக்டர் கேட்டார். நான் தமிழில் சொல்லி, வயலில் கொஞ்சம் என்று பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. ஆமியில் கற்ற இங்கிலிஷில் தானே சொன்னார்.

"காவடி, சேர். த்ரீ மைல். நோ ஸ்டொப்."

இளைய டொக்டர் மூத்தவருக்குக் காவடி என்றால் என்ன என்று தோளில் கைவைத்துக் காட்டி விளக்கினார். மூத்தவர் புருவத்தை உயர்த்தி, பேனாவை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதர் இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறார், வழியில் ஒன்பது தரம் நின்றுதான் கோயிலுக்குப் போனார், நானே கூட நடந்தேன், வெளியே மனைவி இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று இங்கிலிஷில் படபடவென்று சொன்னேன். அவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், கூட்டாதையுங்கோ."

டொக்டரும், மொழிபெயர்ப்பது மட்டுமே என் வேலை என்று சொன்னார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வீதிக்கு வந்து, வாகை மரத்தடிக்குப் போனதும் அவர் இருமத் தொடங்கினார். குனிந்து, மரத்தைப் பிடித்து, தரையில் இருந்து, கடைசியில் படுத்தே இருமினார். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டோம். அந்த நிலையிலும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். ஆறு நாளை ஏழாக்க விடாத மனிதர் நிற்காமல் நடந்தேன் என்று எப்படிச் சொல்லலாம், யாரிடம் வீம்பு காட்டினீர்கள், அந்தப் பெட்டை பூமணிக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா தலை குனிந்துகொண்டு அவர் முதுகைத் தடவினார். என்னோடு சேர்ந்து அக்காவும் ஒரு சொல் ஏசாதது ஏன் என்றாவது நான் யோசித்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்கள் வீட்டுப்பக்கம் நான் போகவில்லை.

ஆடியில் ஒரு சனிக்கிழமை தபாற்கந்தோருக்குப் போனால் விறாந்தையில் அவர் நிற்கிறார், பிரிக்காத உறை கையில். பக்கத்தில் ஒன்பது பத்துப்பேர். மாப்பிள்ளையின் தாய்மாமன் குமுளமுனையிலிருந்து சைக்கிளில் வந்து ஒரு காலைப் படியில் ஊன்றி நிற்கிறார். தற்செயலாக வந்தவர் போல இல்லை. ஆமிக்காரர் உறையை என்னிடம் நீட்டினார். நான் பழைய பாடத்தை மறக்கவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"இல்லை ரீச்சர். அண்டைக்கு வாசிச்ச மாதிரி, உரத்து வாசியுங்கோ."

பிரித்தேன். மேலே அரசாங்கத்து முத்திரை. அவருடைய முழுப்பெயர், ஆமி இலக்கம். நெஞ்சைச் சோதித்ததில் வருத்தம் எதுவும் காணப்படவில்லை. ஆள் திடகாத்திரமாக இருக்கிறார். மூன்று மைல் பாரம் தூக்கி நிற்காமல் நடக்கக்கூடியவர். ஆகவே முறையீடு தள்ளுபடி, இதுவே முடிந்த முடிவு.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகும்போதுதான், பாதி வழியில், எனக்கு விளங்கியது. மாங்குளத்துத் தேநீர்க்கடை விளங்கியது. நாலு குளிசை விளங்கியது. புகையால் வந்தது என்ற ஒரு வரி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் அவர் நோயாளிதான், நோயாளி வீட்டுப் பெண் நோயாளி வீட்டுப் பெண்தான். வருத்தமே இல்லை என்ற வரிக்கு மேலே யாரும் கேள்வி கேட்க முடியாது. பென்சனும் வேண்டாம், இனி வைத்தியமும் வேண்டாம் என்று அவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் எங்கேயாவது குறைத்து விடுவேனோ என்று காவல் நிற்பவர் மாதிரி. நான் குறைக்கவில்லை. திடகாத்திரம் என்ற சொல்லை இரண்டாவது தரமும் சொன்னேன். தாய்மாமன் கடுதாசியை வாங்கி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

ஆவணியில் பூமணிக்குக் கலியாணம். மேளகாரரிடம் தான் கையைக் காட்டும்போதெல்லாம் பலமாக வாசிக்கச் சொல்லி வைத்திருந்தார். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருமப் போகுமுன் ஒவ்வொரு தரமும் கையை உயர்த்துவார். என்ன தவில் என்ன தவில் என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகவில்லை. போனால் ஊர் அறியும். கொக்கிளாய்க்காரர் தனக்கு முட்டு என்று சொல்லி முல்லைத்தீவில் குளிசை வாங்கி மீன் கூடைக்குள் வைத்துக் கொடுத்தனுப்புவார். அது எத்தனை நாளைக்குக் காணும். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். சந்திக்கு வருவது குறைந்தது. வந்தால் நிமிர்ந்துதான் வருவார். நான் எழுதிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. எதிரே கண்டால் நின்று, "சுகமா இருக்கிறன் ரீச்சர்" என்பார். அவர் வாயிலிருந்து அந்தப் பொய்யைக் கேட்பதைவிட அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாசியில் ஒரு காலை, இளையவள் அழுதுகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். நான் போனபோது அவர் கதிரையில் இருந்தபடி இருந்தார். முதுகு நேராக, கை இரண்டும் தொடையில். அந்தத் தடவை இருமல் அடங்கவில்லை.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு மரணத்தைப் பதியவேண்டும். பதிவுகாரர் பழகினவர்தான், ஆனாலும் அக்கா என்னைக் கூட வரச்சொன்னார். வழியில் நான் அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். நெஞ்சு வருத்தத்தால் இறந்தார் என்று உள்ளபடி பதிந்தால், அந்த அத்தாட்சியைக் காட்டி, டொக்டர்மார் எழுதியது பிழை என்று திரும்ப முறையிடலாம். மனைவிக்குப் பென்சன் கேட்கலாம். புகையால் வந்தது என்ற அந்த வரியையும் கேட்கலாம். எத்தனை முறையீடு என்றாலும் நான் எழுதுகிறேன் என்றேன். எனக்கு அது வேண்டியிருந்தது. என் வாயால் போனதை என் கையால் ஒருநாள் எடுத்துவிடவேண்டும் என்று ஆசை.

அக்கா நடந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். பதிவுகாரர் வீட்டு வாசற் படலையடியில்தான் நின்று, என் பக்கம் திரும்பினார்.

"இளையவள் இருக்கிறாளெல்லோ ரீச்சர்."

உள்ளே போனோம். பதிவுகாரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பெரிய புத்தகத்தை விரித்து, பெயர், வயது, ஊர், தொழில் எல்லாம் எழுதிக்கொண்டார். மரணத்தின் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல்" என்றேன்.

"எத்தனை நாளா?"

"ஆறு நாள்."